மலை உச்சியில் கை விரித்து நிற்கும் இயேசு: ரியோவுக்குப் போகும் மதுரைக்காரர்கள் கேட்கிற கேள்விகள்

தம்பி வேலை கிடைத்து பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவுக்குக் குடிபோனதிலிருந்து எங்கள் தெருவில் என்னை ஒரு டிராவல் ஏஜெண்ட் ஆக்கிவிட்டார்கள். கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெரியவர்கள், சும்மா ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அந்த மலையில்தான். கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். டிக்கெட் விலை மட்டும் இதில் இருக்காது. அது சீசனுக்கும் கிழமைக்கும் தகுந்தபடி மாறுகிறது, போகிற வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைவிடப் பெரிதா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கணக்குப் பார்த்துவிடுவோம். வள்ளுவர் சிலை 95 அடி, பீடம் 38 அடி, மொத்தம் 133 அடி. ரியோவில் இயேசு சிலை 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 98 அடி. பீடம் 8 மீட்டர், சுமார் 26 அடி. சிலையை மட்டும் அளந்தால் அவர்கள் மூன்றடி கூடுதல், பீடத்தோடு அளந்தால் நாம் ஒன்பதடி கூடுதல். விரித்த கைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 28 மீட்டர்.

ஆனால் வள்ளுவர் நிற்பது கடலுக்குள் இருக்கும் பாறையில். இயேசு நிற்பது 710 மீட்டர் உயரமுள்ள கொர்கோவாடோ மலையின் உச்சியில். அந்த மலை ஊருக்கு வெளியே எங்கோ இல்லை, ஊருக்கு நடுவிலேயே செங்குத்தாக எழும்பி நிற்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், ஒரு பக்கம் குவானபாரா விரிகுடா, காலடியில் 60 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம். 2007-இல் புதிய ஏழு அதிசயங்கள் என்று உலகம் முழுக்க ஓட்டெடுப்பு நடத்தியபோது தாஜ்மகாலோடு இதுவும் தேர்வானது. என்னைக் கேட்டால், பக்கத்தில் போய் அண்ணாந்து பார்க்கும்போது சிலை படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாகத்தான் தெரிகிறது. திரும்பிக் கீழே எட்டிப் பார்த்தால்தான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் கூலி கிடைக்கும்.

டிக்கெட்டை இங்கிருந்தே புக் செய்துவிடலாமா?

வேண்டாம். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: முதலில் வானத்தைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் வாங்குங்கள்.

கடலிலிருந்து வரும் ஈரக் காற்று இந்த மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போதே குளிர்ந்து மேகமாகிவிடுகிறது. கடற்கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், உச்சியில் வெள்ளைப் போர்வை போர்த்தியிருக்கும். அந்த நேரத்தில் மேலே போனால் சிலையின் காலடியில் நின்றுகொண்டே முகத்தைப் பார்க்க முடியாது, ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சில நேரம் பத்து நிமிடத்தில் விலகும். சில நாள் சாயங்காலம்வரை விலகாது. டிக்கெட்டில் நாளும் நேரமும் குறித்திருக்கும். மேகம் மூடிவிட்டது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள்.

அதனால் ரியோவில் மூன்று நாளாவது தங்குங்கள். மலைக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். காலையில் எழுந்ததும் பொத்தாஃபோகோ கடற்கரைக்கோ நகர் நடுவில் இருக்கும் பெரிய ஏரிக்கரைக்கோ போய் நின்றால் சிலை கண்ணுக்கு நேரே தெரியும். தெளிவாகத் தெரிகிறதா, உடனே போனில் டிக்கெட் எடுத்துக் கிளம்புங்கள். தெரியவில்லையா, அன்றைக்குக் கடலில் கால் நனையுங்கள். புத்தாண்டு, கார்னிவல், சனி ஞாயிறு போன்ற கூட்ட நாட்களில் அன்றன்றைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அப்போது முந்தின நாள் இரவு வானிலையைப் பார்த்து எடுங்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் மதுரையில் உட்கார்ந்து எடுப்பது லாட்டரிச் சீட்டு வாங்குகிற மாதிரிதான்.

"எங்க டூர்காரர் எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுட்டாருங்க" என்றால், மலைக்கும் வேறு இடத்துக்கும் நாளை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து எப்படிப் போவது? விசா வேண்டுமா?

நேர் விமானம் கிடையாது. சென்னை, மும்பை அல்லது டில்லி போய், அங்கிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா அல்லது ஐரோப்பிய ஊர் ஏதாவது ஒன்றில் மாற வேண்டும். சில வழிகளில் சாவோ பாவ்லோவில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். துபாயிலிருந்து ரியோவுக்கு மட்டும் 14 மணி நேரத்துக்குக் குறையாது. வயதானவர்கள் நடுவில் எழுந்து நடக்க வசதியாக ஓரத்து சீட் கேட்டு வாங்குங்கள். ஜன்னலில் பார்ப்பதற்குப் பாதி வழி தண்ணீர்தான்.

விசா கட்டாயம் வேண்டும். டில்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி என்கிறார்களே, அது எதற்கு?

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிரேசில் போகும்போது யாரும் கேட்காமல் இருக்கலாம். பிரேசிலிலிருந்து திரும்பி வரும்போது நம் நாட்டில் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகளின் பட்டியலில் பிரேசில் இருக்கிறது. அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் தாராளமாக இருக்கிறது, டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். நோய் மட்டும் இங்கே இல்லை. யாராவது ஒருவர் உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் போதும் என்ற பயத்தால்தான் இந்தக் கெடுபிடி. சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னையில் இறங்கி மகன் காரில் ஏறலாம் என்று நினைத்தவர் அங்கேயே படுக்கை விரிக்க வேண்டியதுதான்.

அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான் இந்த ஊசி போட்டுச் சான்றிதழ் தருவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. நம்ம தெரு டாக்டரிடம் போட்டுக்கொண்டால் செல்லாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லத் தொடங்கும். அப்புறம் ஆயுசுக்கும் செல்லும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், 60 வயது தாண்டி முதல்முறை போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாம் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

அங்கே பருவம் நமக்கு நேர் எதிர். டிசம்பர் முதல் மார்ச்வரை கோடை, மழையும் அப்போதுதான் கொட்டும். மே முதல் ஆகஸ்ட்வரை மழை குறைவு, வானம் தெளிவாக இருக்கும் நாட்கள் அதிகம். குளிர்காலம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பகலில் 25 டிகிரி, இரவில் 18 டிகிரி. மதுரைக்காரனுக்கு அது மார்கழி. உச்சியில் காற்று அடிக்கும், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். கொடைக்கானலுக்குக் கட்டுகிற மூட்டையைக் கட்டாதீர்கள்.

ரயிலில் போவதா, வேனில் போவதா, நடப்பதா?

ரயில். இதில் எனக்கு ரெண்டு கருத்து கிடையாது.

கோஸ்மே வேல்யோ என்ற பகுதியில் அடிவார ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர், இருபது நிமிடம் போல ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு இது எப்படி ஏறுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக ஓர் இரும்புப் பட்டை, வண்டியின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பழனியில் விஞ்ச்சை மேலே இருந்து வடம் இழுக்கிறதே, அந்த வகை இல்லை இது. ஊட்டிப் பாதையில் நீராவி, இங்கே மின்சாரம். ஏற்றம் நம் நீலகிரிப் பாதையைவிடப் பல மடங்கு செங்குத்து. சில இடங்களில் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி இல்லாமல் படுத்திருப்பது மாதிரி ஆகிவிடும்.

இந்த ரயிலுக்குச் சிலையைவிட வயது அதிகம். சிலை திறந்தது 1931-இல். பிரேசிலின் பேரரசர் இரண்டாம் பெட்ரோ ரயிலைத் தொடங்கிவைத்தது 1884-இல். முதலில் நீராவியில் ஓடி, 1910-இல் மின்சாரத்துக்கு மாறியது. சிலை கட்டுவதற்கான சாமான்களையும் ஆட்களையும் மேலே கொண்டுபோனது இதுதான். இப்போது ஓடும் பெட்டிகள் புதியவை, சுவிட்சர்லாந்தில் செய்து 2019-இல் ஓட விட்டார்கள். ஏறும்போது வலது பக்க ஜன்னல் பிடியுங்கள். காட்டுக்கு நடுவே திடீரென்று மரம் விலகி ஏரியும் கடலும் தெரிவது அந்தப் பக்கம்தான்.

ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு வேன். கோபகபானா, லார்கோ டோ மச்சாடோ ஆகிய இடங்களிலிருந்து அதிகாரபூர்வ வேன்கள் புறப்படுகின்றன. டாக்ஸியிலோ சொந்தக் காரிலோ போனால் பாதி வழியில் பைனெய்ராஸ் என்ற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து வேன்தான். தெருவில் நின்று "நான் நேராகச் சிலைவரை விடுகிறேன்" என்று கூப்பிடுகிறவர்களிடம் பேச்சே வேண்டாம்.

நடைபாதையும் உண்டு. பார்கி லாஜி என்ற பூங்காவிலிருந்து தொடங்கும், இரண்டு மூன்று மணி நேரம் செங்குத்தாக ஏற வேண்டும், ஓரிடத்தில் பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். சதுரகிரி ஏறிப் பழகிய கால்களுக்கு ஏறுவது பெரிதில்லை. வழிப்பறிதான் பயம். போவதென்றால் காலையில், கூட்டமாகப் போங்கள்.

அப்பத்தாவுக்கு முட்டி வலி. மேலே வருவாரா?

தாராளமாக வருவார். ரயில் நின்ற பிறகு சிலைவரை 220 படி போல இருக்கிறது. முன்பெல்லாம் அதை ஏறித்தான் ஆக வேண்டும். 2003 முதல் லிப்டும் எஸ்கலேட்டரும் போட்டுவிட்டார்கள். லிப்ட் வாசலில் வரிசை நீளும்போது பெரியவர்களை முன்னால் விடுவது அந்த ஊரில் வழக்கம். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் முன்னுரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கூச்சப்படாமல் அப்பத்தாவை முன்னால் அனுப்புங்கள். உச்சியில் உட்கார இடம் குறைவு என்பதை மட்டும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

பிரான்ஸ் நாடு பரிசாகக் கொடுத்த சிலைதானே அது?

இல்லை. நியூயார்க்கில் இருக்கும் சுதந்திர தேவி சிலையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரியோ சிலைக்குப் பணம் போட்டவர்கள் பிரேசில் நாட்டுக் கத்தோலிக்கர்கள். ஊர் ஊராக உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசு. வடிவமைத்துக் கட்டியவர் எய்ட்டோர் டா சில்வா கோஸ்டா என்ற பிரேசில் பொறியாளர். பிரான்ஸின் பங்கு என்னவென்றால், சிற்பி பால் லாந்தோவ்ஸ்கி பாரிஸில் இருந்தவர், தலையையும் கைகளையும் அவர் பட்டறையில்தான் உருவாக்கினார்கள். முகத்தைச் செதுக்கியவர் அவரிடம் வேலை பார்த்த கியோர்கே லியோனிடா, ருமேனியாக்காரர். கான்கிரீட் கணக்குக்கு உதவிய ஆல்பெர் காகோவும் பிரெஞ்சுக்காரர்.

முதல் வரைபடத்தில் இயேசு ஒரு கையில் பெரிய சிலுவையும் மறு கையில் உலக உருண்டையும் வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் "பந்து வைத்திருக்கும் இயேசு" என்று கிண்டல் அடித்தார்கள். அப்புறம்தான் கைகளை விரித்து, உடம்பையே சிலுவையாக ஆக்கினார்கள். கிண்டல் அடித்தவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அவ்வளவு உயரத்தில் எப்படிக் கட்டினார்கள்? ஒரே கல்லா?

கல்லே இல்லை, உள்ளே கான்கிரீட். மேலே போர்த்தியிருப்பதுதான் கல். அது என்ன கல் தெரியுமா? மாக்கல். நம் வீட்டில் வத்தக்குழம்பு வைக்கிற கல்சட்டி எந்தக் கல்லில் செய்கிறார்களோ அதே வகை. நகத்தால் கீறினாலே கோடு விழும், வெட்டுவது சுலபம், ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் சட்டென்று விரிசல் விடாது. பிரேசிலில் பழைய தேவாலயங்களின் சிற்பங்களை இந்தக் கல்லில்தான் செதுக்கியிருந்தார்கள். இத்தனை வருடம் தாங்கியிருக்கிறதே என்று பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரிய பலகைகளாக இல்லை, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளாக வெட்டினார்கள். வளைவும் மடிப்பும் உள்ள அங்கியில் முக்கோணம்தான் படியும். ஊர்ப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து இந்தத் துண்டுகளைத் துணியில் ஒட்டிக் கொடுத்தார்கள், அந்தத் துணியைக் கொண்டுபோய்ச் சிலையில் பதித்தார்கள். ஒட்டும்போது சிலர் கல்லின் பின்புறத்தில் தங்கள் வீட்டார் பெயரையோ மனசுக்குப் பிடித்தவர் பெயரையோ எழுதி வைத்திருக்கிறார்கள். சிலைக்குள் இன்றைக்கும் அந்தப் பெயர்கள் வெளியே தெரியாமல் இருக்கின்றன. காலண்டர் படத்தில் பளீரென்ற வெள்ளையாகத் தெரிகிற சிலை, கிட்டப் போனால் மீன் செதில் மாதிரி சாம்பலும் பச்சையும் கலந்த துண்டுகளாகத் தெரிவது இதனால்தான். பழுது பார்க்கும்போது பழைய வெளிர் நிறத்துக் கல் போதுமான அளவு கிடைக்காததால், பின்னால் பதித்த துண்டுகள் கொஞ்சம் கறுப்பாக இருக்கின்றன.

வேலை 1926 முதல் 1931வரை நடந்தது, திறப்பு 1931 அக்டோபர் 12. உள்ளே படிக்கட்டு உண்டு, நெஞ்சுக்கு நேரே ஓர் இதய வடிவமும் பதித்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் உள்ளே அனுமதி கிடையாது, பராமரிப்பு ஆட்களுக்கு மட்டும்.

இடி விழுமாமே?

விழும். அவ்வளவு உயரத்தில் தனியாக ஒரு முனையில் நின்றால் விழாமல் என்ன செய்யும்? வருடத்தில் பல தடவை மின்னல் தாக்குகிறது. 2014 ஜனவரியில் வலது கைக் கட்டைவிரல் நுனி சிதறி, அப்புறம் சரி செய்தார்கள். இடிதாங்கி இருக்கிறது. ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் "வந்தது வந்தோம்" என்று நிற்காமல் இறங்கிவிடுங்கள்.

நாங்கள் இந்துக்கள். போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா? சேலை கட்டலாமா?

யாரும் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் தரையின் சூட்டில் துள்ளுவீர்கள். சிலையின் பீடத்துக்குள் ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. பிரேசிலின் காவல் தெய்வமாக அவர்கள் கும்பிடும் அபரெசிடா மாதாவுக்கு 2006-இல் அமைத்தது. கல்யாணமும் ஞானஸ்நானமும் அங்கே நடக்கின்றன. பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முன்பக்கம் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். வழிபாடு நடந்தால் மட்டும் குரலைத் தாழ்த்துங்கள். சேலை தாராளமாகக் கட்டலாம், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டரும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது.

மேலே நின்றால் என்னென்ன தெரியும்?

சிலையின் முகம் கிழக்குப் பார்த்தது. அதற்கு முன்னால் நீளும் மேடையின் நுனிக்குப் போய், அது பார்க்கும் திசையிலேயே நீங்களும் பாருங்கள். நேர் எதிரே சர்க்கரைக் குன்று, 396 மீட்டர் உயர மொட்டைப் பாறை. யானைமலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மொட்டைப் பாறை புதிதில்லை, ஆனால் இது கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் வளைவான பொத்தாஃபோகோ கடற்கரை, தண்ணீரில் அரிசி சிந்தினாற்போலப் படகுகள்.

வலது கைப் பக்கம் திரும்பினால் பெரிய ஏரி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மெல்லிய துண்டாக இபனேமா, லெப்லோன். ஏரிக்கு இந்தப் பக்கம் குதிரைப் பந்தய மைதானமும், 1808-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும். இடது கைப் பக்கம் மரக்கானா மைதானத்தின் வெள்ளை வட்டம். 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்று பிரேசிலே அழுத இடம் அது. அதற்கும் அப்பால் விரிகுடாவைக் கடந்து நித்தெரோய்க்குப் போகும் பாலம், 13 கிலோமீட்டர் நீளம், 1974-இல் திறந்தது. மலைச்சரிவுகளில் தீப்பெட்டி அடுக்கியது போல ஏழைகளின் குடியிருப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், அவற்றை ஒட்டியே அடுக்குமாடிகள்.

அப்புறம் பின்பக்கம். அங்கே யாரும் போட்டோ எடுப்பதில்லை. வெறும் காடுதான். ஆனால் என் கண்ணுக்கு இந்த மலையில் சிலையைவிடப் பெரிய சாதனை அந்தக் காடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பாதி மலை மொட்டை. காப்பித் தோட்டத்துக்காக மரத்தை எல்லாம் வெட்டிவிட்டார்கள். ஓடைகள் வற்றின, ஊருக்குக் குடிநீர் இல்லை. வைகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். 1861-இல் பேரரசர் தோட்ட நிலங்களை எடுத்துக்கொண்டு மறுபடி மரம் நடச் சொன்னார். மேஜர் ஆர்ச்சர் என்பவர் பொறுப்பில், அடிமைகளாக இருந்தவர்கள் சிலரின் உழைப்பில், பதின்மூன்று வருடத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் மரம் நட்டார்கள். இன்றைக்கு அது திஜூக்கா தேசியப் பூங்கா. சிலையும் ரயில் பாதையும் அதற்குள்தான் இருக்கின்றன.

வழியில் பலாப்பழம் தொங்கும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. ரயில் ஜன்னலுக்கு வெளியே அடிமரத்தில் குலை குலையாகக் காய்த்திருக்கும். நம் பக்கத்துப் பலாவைப் போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோய் வைத்தார்கள், அது அங்கே கட்டுக்கடங்காமல் பெருகி, உள்ளூர் மரங்களை நெருக்குகிற அளவுக்குப் போய்விட்டது. நாம் பண்ருட்டியிலிருந்து காசு கொடுத்து வாங்குவதை, அவர்கள் காட்டுக்குத் தொல்லை என்று சொல்லிக் கன்றுகளை அழிக்கப் பார்க்கிறார்கள். ஆசைப்பட்டுப் பறிக்க இறங்காதீர்கள், அது தேசியப் பூங்கா.

அந்தப் பழத்தைத் தின்றே கொழுக்கும் ஒரு பிராணியும் உண்டு, குவாட்டி என்று பெயர். நீள மூக்கு, வளையம் வளையமாகக் கோடு போட்ட வால், கூட்டமாக வரும். அழகர்கோயிலில் குரங்கு கையிலிருந்து பையைப் பிடுங்கிய அனுபவம் இருப்பவர்கள் அதே எச்சரிக்கையோடு இருந்தால் போதும். தீனி போடக்கூடாது, பையைத் தரையில் வைக்கக்கூடாது.

போட்டோவுக்கு எந்த நேரம் நல்லது?

காலையில் வெயில் சிலையின் முகத்தில் விழும், சிலையோடு படம் எடுக்க அதுதான் நேரம். ஆனால் அப்போது சர்க்கரைக் குன்றுப் பக்கம் சூரியனுக்கு எதிரே பார்ப்பதால் வெளுத்துத் தெரியும். மதியத்துக்கு மேல் ஊர் பளிச்சென்று தெரியும், முகம் நிழலாகிவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் முதல் ரயிலிலேயே ஏறிவிடுங்கள்.

சிலை முழுதும் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் எடுப்பவர் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம், உங்களுக்கு முன்னாலேயே ஐம்பது பேர் படுத்திருப்பார்கள். கை விரித்து நிற்கிறவர்களின் விரல் கண்ணில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஊரின் அன்றாடச் சாப்பாடே சோறும் கறுப்பு பீன்ஸ் குழம்பும்தான். பார்த்ததும் மனசு குளிரும், பிரச்சினை என்னவென்றால் அந்தக் குழம்பில் பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டு கிடக்கும். "செம் கார்னி" என்றால் கறி இல்லாமல். அதோடு பன்றி, மீன் எதுவும் வேண்டாம் என்றும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

எடை போட்டுக் காசு வாங்கும் சாப்பாட்டுக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நாமே தட்டில் எடுத்துக்கொண்டு தராசில் வைக்க வேண்டும். சோறு, காய், கீரை, வறுத்த மரவள்ளி மாவு என்று கண்ணால் பார்த்து எடுக்கலாம், சைவக்காரர்களுக்கு இதுதான் நிம்மதி. மரவள்ளி மாவில் செய்யும் சின்னச் சின்னப் பாலாடைக்கட்டி உருண்டைகள் எல்லா இடத்திலும் சூடாகக் கிடைக்கும், ஆனால் முட்டை சேர்ப்பார்கள். இளநீரும் கரும்புச்சாறும் தாராளம். மலை மேலே விலை அதிகம், கீழேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

திருட்டு பயம் உண்டா?

மலை மேலே பெரிதாக இல்லை. கடற்கரைச் சாலையில் உண்டு. கையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், தாலிக்கொடியை வீட்டிலேயே வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வாருங்கள், இருட்டிய பிறகு ஆப் வழியாக வண்டி பிடியுங்கள்.

எல்லா நாளும் மேகம் மூடியே இருந்தால்?

பாதி மலையில் டோனா மார்த்தா என்ற காட்சிமுனை இருக்கிறது, ஏறக்குறைய 360 மீட்டர் உயரம். உச்சியில் மேகம் இருந்தாலும் பல நாள் இங்கே தெளிவாக இருக்கும். விரிகுடாவும் சர்க்கரைக் குன்றும் இன்னும் கிட்டத்தில் தெரியும். அதுவும் சரியில்லை என்றால் சர்க்கரைக் குன்றுக்கே கேபிள் காரில் போய்விடுங்கள், 1912-லிருந்து ஓடுகிறது. மாலையில் அங்கே நின்றால், மேகம் விலகும்போது எதிரே மலை மேல் சிலை விளக்கோடு தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்று யாராவது சொன்னால், வானம் தெளிவாக இருந்தால் கொர்கோவாடோ, இல்லையென்றால் சர்க்கரைக் குன்று.

மேலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட எந்த நேரம் சரி?

ரியோ நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பது என்றால் மதுரையில் மாலை ஐந்தரை, வீட்டில் காபி நேரம். மதியத்துக்கு மேல் மலை ஏறினால் இங்கே நடு ராத்திரி ஆகிவிடும், யாரையும் எழுப்பாதீர்கள், படத்தை அனுப்பிவிடுங்கள்.

ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

ரியோவில் மின்சாரம் 127 வோல்ட், நமக்கு 230. போன் சார்ஜர் எல்லாம் எதற்கும் ஒத்துப்போகும். நம் ஊர்க் குக்கரும் கெட்டிலும் அங்கே சூடேறுவதற்குள் பசி போய்விடும். பிளக்கும் வேறு மாதிரி, அடாப்டர் வேண்டும். அரிசி அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். பெட்டியில் அந்த இடத்துக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வையுங்கள், ஊறுகாய் பாட்டிலை ரெண்டு கவரில் சுற்றி.